மாத்திரை முடிச்சும் ‘பாசிட்டிவ்’... ஹெபடைட்டிஸ் சி மருந்து உண்மையிலேயே தோற்பது எப்போது?

“மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டாச்சு. ஆனா லேப் ரிப்போர்ட்ல இன்னும் ‘ரியாக்டிவ்’னுதான் வருது. அப்போ மருந்து வேலை செய்யலையா?”

ஹெபடைட்டிஸ் சி சிகிச்சையை முடித்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போனவர், ரத்த தானம் செய்யப் போனவர், ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் ரத்தம் கொடுத்தவர் என யார் கையிலும் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்து சேரலாம். பார்த்ததும் குலை நடுங்கும். உடனே மெடிக்கலில் இன்னொரு பாட்டில் மாத்திரை வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு.

கொஞ்சம் பொறுங்கள். அந்த ‘ரியாக்டிவ்’ வைரஸைக் காட்டவில்லை. வைரஸ் உடம்புக்குள் வந்தபோது உடல் தயாரித்த ஆன்டிபாடியைத்தான் காட்டுகிறது. வைரஸ் முழுதாக ஒழிந்த பிறகும் ஆன்டிபாடி பல ஆண்டுகளுக்கு இருக்கும். பலருக்கு ஆயுள் முழுக்க இருக்கும். மருந்து வென்றதா தோற்றதா என்று சொல்லக்கூடியது ஒரே ஒரு பரிசோதனைதான்: ரத்தத்தில் வைரஸின் ஆர்.என்.ஏ. இருக்கிறதா என்று பார்க்கும் வைரல் லோடு டெஸ்ட். அதுவும் கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 வாரம் கழித்து எடுக்க வேண்டும். அதில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தம்.

இந்த ஒரு தகவல் தெரிந்தாலே, தோல்வி என்று பயந்தவர்களில் பெரும்பாலானோர் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் எல்லோரும் அல்ல. ஒரு சிறு பங்கினருக்கு மருந்து உண்மையிலேயே தோற்கிறது. அது ஏன், அதில் யார் மேல் பழி, அடுத்து என்ன வழி என்பதுதான் இங்கே விஷயம்.

திண்டுக்கல்லுக்கு இது எவ்வளவு பெரிய பிரச்சினை?

தேசிய அளவில் நடந்த ரத்த மாதிரி ஆய்வில், ஹெபடைட்டிஸ் சி ஆன்டிபாடி உள்ளவர்கள் 0.32 சதவீதம் என்று தெரியவந்தது. கேட்கும்போது சின்ன எண்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் மாவட்டத்தில் சுமார் 21.6 லட்சம் பேர். அதே விகிதத்தை இங்கே பொருத்தினால் கிட்டத்தட்ட 6,900 பேர் வருகிறார்கள். இது மாவட்டத்தில் எடுத்த கணக்கு இல்லை, வெறும் பெருக்கல்தான். அவர்களில் சிலருக்கு வைரஸ் தானாகவே போயிருக்கும். பத்தில் ஏழு பேர் அளவுக்கு அது கல்லீரலிலேயே தங்கிவிடும்.

தங்கியது சத்தம் போடாது. மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிற ஊர் நம்முடையது. ஆனால் ஹெபடைட்டிஸ் சி பெரும்பாலும் மஞ்சள் காமாலையே காட்டாமல் 20, 30 ஆண்டுகள் கல்லீரலை அரிக்கும் (கீழாநெல்லி இந்த வைரஸை ஒழிக்கும் என்பதற்கு ஆதாரமும் இல்லை). ஒருநாள் வயிறு வீங்கியோ, ரத்த வாந்தி எடுத்தோ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கியிருக்கும். சிரோசிஸ் என்பது அதைத்தான். அடுத்த கட்டம் கல்லீரல் புற்றுநோய்.

ஒரு மாத்திரை 1,000 டாலர்... அதே மருந்து இப்போது இலவசம்

பழைய சிகிச்சையில் இன்டர்ஃபெரான் ஊசி, கூடவே ரிபாவிரின் மாத்திரை. சிலருக்கு 48 வாரம்கூடப் போகும். காய்ச்சல், மனச்சோர்வு, ரத்தசோகை எல்லாம் தாங்கிக்கொண்டாலும் சில வகை வைரஸில் பாதிப் பேருக்குத்தான் குணமாகும். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் அனுமதி பெற்றதும் கதையே மாறியது. கிலியட் நிறுவனம் வைத்த விலை, ஒரு மாத்திரைக்கு 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர்!

2014-ல் அதே நிறுவனம் இந்திய மருந்து நிறுவனங்களுக்குத் தயாரிப்பு உரிமம் கொடுத்தது. 2015-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஜெனரிக் பாட்டிலின் விலை, 28 மாத்திரைக்குச் சுமார் 20,000 ரூபாய். பிறகு போட்டியில் இன்னும் இறங்கியது. 2018 ஜூலை 28-ல், உலக ஹெபடைட்டிஸ் தினத்தன்று, மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

திட்டத்தின் வழிமுறை எளிமையானது. சிரோசிஸ் இல்லாதவருக்கு சோஃபோஸ்புவிர் - டாக்லாடாஸ்விர், 12 வாரம். சிரோசிஸ் இருந்தால் சோஃபோஸ்புவிர் - வெல்படாஸ்விர். கல்லீரல் செயலிழக்கத் தொடங்கியிருந்தால் ரிபாவிரினும் சேரும், அல்லது காலம் 24 வாரமாக நீளும். எந்த வகை வைரஸ் என்று பார்க்கும் ஜீனோடைப் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. எல்லா வகைக்கும் இந்த மருந்துகள் வேலை செய்யும் என்பதே கணக்கு. பெரும்பாலும் அந்தக் கணக்கு சரிதான். தப்பும் இடங்கள்தான் சுவாரஸ்யமானவை.

ப்ரூஃப் பார்க்காத அச்சகம்

சிகிச்சை எடுக்காத ஒருவரின் உடலில் இந்த வைரஸ் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் கோடி பிரதிகளை உருவாக்குகிறது. வைரஸின் மரபணு கிட்டத்தட்ட 9,600 எழுத்து நீளம். அதைப் பிரதி எடுக்கும் நொதிக்கு எழுத்துப் பிழையைத் திருத்தும் வசதி கிடையாது. ப்ரூஃப் ரீடரே இல்லாத அச்சகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் சாத்தியமான எல்லா ஒற்றை எழுத்துப் பிழைகளும் தினமும் எங்கோ ஒரு பிரதியில் நடந்துகொண்டே இருக்கின்றன. மருந்தைக் கண்ணால் பார்க்கும் முன்பே, அந்த மருந்துக்கு அடங்காத சில பிரதிகள் கூட்டத்தில் தயாராக இருக்கும்.

ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் அந்தச் சில பிரதிகள் தப்பித்துப் பெருகிவிடும். இரண்டு மருந்து சேர்த்துக் கொடுப்பது அதனால்தான். சோஃபோஸ்புவிர் பிரதி எடுக்கும் நொதியையே முடக்குகிறது. டாக்லாடாஸ்விரும் வெல்படாஸ்விரும் என்எஸ்5ஏ என்ற இன்னொரு புரதத்தைப் பிடிக்கின்றன. வைரஸ் தன் பிரதிகளை உருவாக்கவும், அவற்றைக் கோத்து வெளியே அனுப்பவும் தேவைப்படும் புரதம் அது.

இரண்டுக்கும் எதிர்ப்பு ஒரே மாதிரி உருவாவதில்லை. சோஃபோஸ்புவிருக்கு அடங்காமல் போக வைரஸ் செய்ய வேண்டிய மாற்றம், வைரஸையே பலவீனப்படுத்துகிறது. அப்படி மாறியது சரியாகப் பெருக முடியாமல் காணாமல் போய்விடும். அதனால் அந்த எதிர்ப்பு மிக அரிது. என்எஸ்5ஏ விஷயம் வேறு. அந்தப் புரதத்தின் 93-வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும். ‘ஒய்93எச்’ என்று ஆய்வாளர்கள் குறிப்பது இதைத்தான். ஜீனோடைப் 3 வைரஸில் இந்த மாற்றம் வந்தால் டாக்லாடாஸ்விரின் பிடி ஆயிரம் மடங்குக்கு மேல் தளர்கிறது. திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டு உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும்: சாவி அதேதான், பூட்டுக்குள்ளே ஒரு லீவர் நகர்ந்துவிட்டது.

இந்தியாவில் அதிகம் காணப்படுவது அந்த ஜீனோடைப் 3தான். தமிழ்நாட்டில் அதனுடன் ஜீனோடைப் 1 கணிசமாகவும், 4, 6 ஆகியவை குறைவாகவும் உள்ளன.

2015-ல் வெளியான ‘ஆலி-3’ ஆய்வு ஜீனோடைப் 3 உள்ள 152 பேருக்கு சோஃபோஸ்புவிர் - டாக்லாடாஸ்விரை 12 வாரம் கொடுத்துப் பார்த்தது. சிரோசிஸ் இல்லாதவர்களில் 96 சதவீதம் பேர் குணமானார்கள். சிரோசிஸ் இருந்தவர்களில் 63 சதவீதம்தான். சிகிச்சைக்கு முன்பே ஒய்93எச் மாற்றம் கொண்டிருந்த 13 பேரில் குணமானது 7 பேர். மாத்திரை ஒன்றுதான், நாட்களும் ஒன்றுதான். கல்லீரலின் நிலையும் வைரஸின் ஒரு எழுத்தும் முடிவைத் திருப்பிப் போட்டுவிட்டன.

இதைவிட முரட்டு ஆள் ஒன்று உண்டு. ஜீனோடைப் 3-ன் உள்வகையான ‘3பி’. எதிர்ப்பு மாற்றங்கள் இரண்டு இதில் பிறவியிலேயே இருக்கின்றன. சீனா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், அதிக சக்தி வாய்ந்த சோஃபோஸ்புவிர் - வெல்படாஸ்விர் கொடுத்தும், சிரோசிஸ் இருந்த 3பி நோயாளிகளில் பாதிப் பேருக்குத்தான் குணமானது. இந்தியாவிலும் 3பி இருக்கிறது.

‘ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டிருக்க மாட்டீங்க’ என்று நோயாளியைப் பார்த்துச் சொல்வது ரொம்பச் சுலபம். மாத்திரை தோற்றால் முதலில் விழும் பழி அதுதான். ஆனால் ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டவருக்கும் நோய் திரும்பலாம் என்பதைத்தான் மேலே உள்ள எண்கள் சொல்கின்றன.

மாத்திரை விட்டுப்போனால்?

ஒரு நாள், இரண்டு நாள் தவறியதால் சிகிச்சையே பாழாகிவிடாது. வழக்கமான நேரத்திலிருந்து 18 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே சாப்பிடலாம். அதைத் தாண்டிவிட்டால் அடுத்த நாள் வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும். இரட்டிப்பாகச் சாப்பிடக் கூடாது. வேடசந்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர், ஷிப்டோடு சேர்த்து மாத்திரை நேரத்தையும் மாற்றாமல், போனில் ஒரே நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.

ஆபத்து நடுவில் நிறுத்துவதில்தான் இருக்கிறது. இரண்டாவது பாட்டில் முடியும்போது உடம்பு தெம்பாக இருக்கும், லிவர் டெஸ்ட் நார்மலாக வரும், வைரஸே ரத்தத்தில் தெரியாது. ‘சரியாயிடுச்சு’ என்று மூன்றாவது பாட்டிலை வாங்காமல் விடத் தோன்றும். கல்லீரல் செல்களில் மிச்சமிருக்கும் வைரஸ் அந்த இடைவெளியில்தான் மீண்டும் தலைதூக்கும்.

கேஸ் மாத்திரை செய்யும் வேலை

அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று, நம் வீட்டு மருந்து டப்பாவிலேயே இருக்கிறது. ஒமெப்ரஸோல், பான்டோப்ரஸோல், ரபெப்ரஸோல் போன்ற ‘கேஸ் மாத்திரை’கள் இட்லிக்குச் சட்னி மாதிரி எந்த மருந்துச் சீட்டோடும் ஒட்டிக்கொண்டு வரும். சீட்டு இல்லாமலும் வாங்குகிறார்கள். ஆனால் வெல்படாஸ்விர் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கினால் மருந்து ரத்தத்தில் சேரும் அளவு குறையும். அதனால் இவற்றை ஒன்றாகச் சாப்பிடப் பரிந்துரைப்பதில்லை. தவிர்க்கவே முடியாது என்றால், சாப்பாட்டோடு வெல்படாஸ்விர், அதற்கு 4 மணி நேரம் கழித்து குறைந்த அளவு ஒமெப்ரஸோல் என்று டாக்டர் இடைவெளி வைத்துக் கொடுப்பார். பிரியாணிக்குப் பிறகு குடிக்கும் ஜெலுசில் வகையறாவுக்கும் அதே 4 மணி நேர இடைவெளி வேண்டும். டாக்லாடாஸ்விருக்கு இந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை.

வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாஸெபைன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை இன்னும் மோசம். இவை ஹெபடைட்டிஸ் மருந்தை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். இதய மருந்தான அமியோடரோன் சாப்பிடுபவருக்கு சோஃபோஸ்புவிர் கொடுத்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்று 2015-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ஹெபடைட்டிஸ் டாக்டரிடம் போகும்போது சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு நிற்காமல், வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை.

சிரோசிஸ் இருக்கிறதா... போன் கால்குலேட்டரே போதும்

சிரோசிஸ் இருப்பதைக் கவனிக்காமல், இல்லாதவருக்கான மருந்தைக் கொடுப்பதும் தோல்விக்கு ஒரு பாதை. இதைக் கண்டுபிடிக்க எப்போதும் பெரிய ஸ்கேன் வேண்டும் என்றில்லை. ‘ஃபிப்-4’ என்ற கணக்கு இருக்கிறது. வயதை ஏஎஸ்டி அளவால் பெருக்க வேண்டும். அதை, பிளேட்லெட் எண்ணிக்கையையும் ஏஎல்டி அளவின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும்.

ஓர் உதாரணம். வயது 52, ஏஎஸ்டி 90, ஏஎல்டி 81, பிளேட்லெட் 1,30,000 (கணக்கில் 130 என்று எடுக்க வேண்டும்). 52 x 90 = 4,680. 81-ன் வர்க்கமூலம் 9; 130 x 9 = 1,170. வகுத்தால் 4. இது 3.25-க்கு மேல் போனால் சிரோசிஸ் இருக்கலாம் என்று சந்தேகித்து, அடுத்த கட்டப் பரிசோதனைக்கும் மருந்து மாற்றத்துக்கும் போவார்கள். திண்டுக்கல்லில் எந்தச் சாதாரண லேபிலும் எடுக்கக்கூடிய ரத்தப் பரிசோதனைகள்தான் இவை. ரிப்போர்ட் கையில் இருந்தால் கணக்குப் போட்டுப் பார்த்து, டாக்டரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

கடைசிப் பரிசோதனைக்கு யார் வருகிறார்கள்?

தோல்வியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் முதலில் அது கணக்கில் வர வேண்டும். பஞ்சாப் அரசு 2016-ல் இலவச ஹெபடைட்டிஸ் சி சிகிச்சையைத் தொடங்கியது. 48,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் 2019-ல் ஆய்விதழில் வெளிவந்தன. சிகிச்சையை முடித்துக் கடைசிப் பரிசோதனையும் செய்துகொண்டவர்களில் 91 சதவீதத்துக்கு மேல் குணம். மாவட்ட ஆஸ்பத்திரிகளை வைத்தே இதைச் சாதித்தது பெரிய விஷயம். ஆனால் அந்தக் கடைசிப் பரிசோதனைக்கு வராமலே போனவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு வைரஸ் திரும்பியது?

வராததற்கு அலட்சியம்தான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. மாத்திரை முடிந்துவிட்டது, உடம்பு நன்றாக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வா என்றால் எத்தனை பேர் வருவார்கள்? பழநியிலிருந்தோ நத்தத்திலிருந்தோ திண்டுக்கல் வந்து, அங்கிருந்து மேல் பரிசோதனைக்கு மதுரை என்றால் இன்னும் கஷ்டம். திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே, 2022 ஜனவரி 12-ல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்றாகத்தான்.

அலைச்சலைக் குறைத்தால் குணமாகும் விகிதம் குறையுமா என்பதைச் சோதித்த ஓர் ஆய்வும் உண்டு. சென்னையின் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்புடன் தொடர்புடைய டாக்டர் சுனில் சாலமன் தலைமையில் பிரேசில், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து, உகாண்டா, அமெரிக்காவில் சுமார் 400 பேரிடம் நடந்த ‘மின்மான்’ ஆய்வு அது. 84 மாத்திரையையும் முதல் நாளே கையில் கொடுத்துவிட்டார்கள். நடுவில் ஆஸ்பத்திரி விசிட் கிடையாது, போனில் இரண்டு முறை விசாரிப்பு மட்டும். 95 சதவீதம் பேர் குணமானார்கள். சிக்கல் இல்லாத நோயாளியை மாதாமாதம் இழுத்தடிப்பதைவிட, அந்த உழைப்பைக் கடைசிப் பரிசோதனைக்கு வரவழைப்பதில் போடலாம் என்ற யோசனைக்கு இது வலு சேர்க்கிறது.

சரி, உண்மையிலேயே தோற்றுவிட்டது. அடுத்து?

முதலில், அதே மாத்திரையை அதே 12 வாரத்துக்கு மறுபடி வாங்கிச் சாப்பிடக் கூடாது. என்எஸ்5ஏ எதிர்ப்பு மாற்றங்கள் மருந்தை நிறுத்திய பிறகும் ஆண்டுக்கணக்கில் வைரஸில் தங்கும். இன்னொரு புரதத்தைத் தாக்கும் புரோட்டீஸ் வகை மருந்துகளுக்கான எதிர்ப்பு பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். இது அப்படி இல்லை.

இரண்டாவது, திரும்பியது பழைய வைரஸா, புதிதாகத் தொற்றியதா என்று பார்க்க வேண்டும். ஹெபடைட்டிஸ் சி ஒருமுறை குணமானால் மறுபடி வராது என்ற பாதுகாப்பு கிடையாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், போதை ஊசி போடுபவர்கள், சுத்தம் செய்யாத ஊசியிலோ பச்சை குத்தும் கருவியிலோ மாட்டியவர்கள் மீண்டும் தொற்றுக்கு ஆளாகலாம். புதிய தொற்று என்றால் அது மருந்தின் தோல்வி இல்லை.

பழைய வைரஸ்தான் என்றால், உலக அளவில் முதல் தேர்வு சோஃபோஸ்புவிர் - வெல்படாஸ்விர் - வோக்சிலபிரெவிர் என்ற மூன்று மருந்துக் கூட்டு. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. என்எஸ்5ஏ மருந்து ஏற்கெனவே தோற்றவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் 96 சதவீதம் பேர் குணமானார்கள். இந்தியாவின் தேசியத் திட்டம் 2018-ல் தொடங்கும்போது தன் பட்டியலில் வைத்திருந்த மருந்துகள் நான்கு: சோஃபோஸ்புவிர், டாக்லாடாஸ்விர், வெல்படாஸ்விர், ரிபாவிரின். வோக்சிலபிரெவிர் அதில் இல்லை.

அது கிடைக்காத இடங்களில் கையாளும் வழி, சோஃபோஸ்புவிர் - வெல்படாஸ்விருடன் ரிபாவிரினைச் சேர்த்து 24 வாரம். இது ஒன்றும் மோசமான வழி இல்லை. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே என்எஸ்5ஏ மருந்து தோற்ற 69 பேரில் 91 சதவீதம் பேர் இப்படிக் குணமானார்கள். ஜீனோடைப் 1-ல் 37 பேருக்கு 36 பேர். ஜீனோடைப் 3-ல் 18 பேருக்கு 14 பேர். நம் ஊரில் அதிகம் இருக்கும் வகைக்குத்தான் பலன் குறைவு. ரிபாவிரின் ரத்தசோகையை உண்டாக்கும் என்பதால், ஏற்கெனவே ஹீமோகுளோபின் குறைவாக உள்ளவர்களுக்கு ஆறு மாதம் சுலபமில்லை. கர்ப்பிணிகளுக்கும், கர்ப்பத்துக்குத் திட்டமிடும் தம்பதிகளில் கணவன், மனைவி இருவருக்குமே இது கூடாது.

முதல் சிகிச்சையை இலவசமாகக் கொடுக்கும் திட்டத்துக்கு, அது தோற்றவர்களுக்கான மூன்றாவது மருந்தையும் சேர்ப்பது எண்ணிக்கை அளவில் பெரிய சுமையாக இருக்காது. தேவைப்படுபவர்கள் ஒரு சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கில்தான் சிரோசிஸ் முற்றியவர்கள் அதிகம். காத்திருக்க நேரம் இல்லாதவர்கள் அவர்கள்தான். சிரோசிஸ் வந்தவர் வைரஸ் ஒழிந்த பிறகும் புற்றுநோய் வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் பலருக்குச் சொல்லப்படுவதில்லை.

சிகிச்சையில் இருப்பவர்கள் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று: கடைசி மாத்திரை சாப்பிடும் நாளிலிருந்து 84 நாள் எண்ணி, போன் காலண்டரில் ‘வைரல் லோடு’ என்று போட்டு வையுங்கள். மார்ச் 1-ல் முடித்தவருக்கு அந்தத் தேதி மே 24. ஒரு வாரம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியது ஆன்டிபாடி டெஸ்ட் அல்ல, ஆர்.என்.ஏ. டெஸ்ட். அந்த ரிப்போர்ட்டை லேமினேட் செய்து பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஏதாவது மெடிக்கலில் ‘ரியாக்டிவ்’ என்று சொன்னால், டாக்டரிடம் காட்டக் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.